அனலை ஆளும் சில்லு



தமிழர் வீட்டில் அடுப்பு இல்லாத நாளில்லை; ஆயினும் அடுப்பின் வெப்பத்தை அளக்கும் கருவியை நம் பாட்டிமார் ஒருவரும் தேடியதில்லை. அது அவர்களுடைய அறியாமை அன்று. அவர்களுக்கு அது வேண்டியிருக்கவில்லை. இட்லிப் பானையைப் பாருங்கள். அடியில் விறகைக் கூட்டினாலும் குறைத்தாலும், பானையில் நீர் உள்ளவரையில் ஆவியின் வெப்பநிலை 100 பாகையை ஒட்டியே நிற்கும். மிகுதியான நெருப்பு மிகுதியான ஆவியாகப் போகுமேயன்றி, இட்லியைக் கருக்காது. ஆகவே இட்லிப் பானை தன்னைத் தானே ஆண்டுகொள்ளும் ஒரு யந்திரம். பிரஷர் குக்கரும் அத்தகையதே. அதன் தலைமேல் அமர்ந்த சிறு எடைதான் உள்ளிருக்கும் வெப்பத்தை 120 பாகை அளவில் நிறுத்துகிறது. தோசைக்கல்லுக்கு மட்டும் இந்தக் காவல் இல்லை. அதனால்தான் கல்லில் நீர் தெளித்துப் பார்க்கும் வழக்கம் வந்தது. தெளித்த நீர் சோம்பலாகக் கொதித்தால் கல் காயவில்லை; முத்துமுத்தாக உருண்டோடினால் கல் மிகவும் காய்ந்துவிட்டது. அந்த முத்துக்கள் ஏன் உருள்கின்றன என்பதை 1756-ஆம் ஆண்டில் லைடன்ஃப்ராஸ்ட் என்ற ஜெர்மானிய மருத்துவர் ஆராய்ந்து எழுதினார். நம் வீட்டுப் பெண்மக்கள் அதனைக் கண்ணால் கண்டு, வேலைக்கும் பயன்படுத்திக்கொண்டார்கள்.

ரொட்டி அடுப்பின் கதை வேறு. இலங்கைத் தமிழர் அதனைப் போறணை என்பர். போர்த்துக்கீசியர் விட்டுச்சென்ற சொல் அது. நம் அந்தமானுக்கும் அச்சொல்லோடு உறவு உண்டு. 1964-ஆம் ஆண்டின் சாஸ்திரி–சிறிமாவோ உடன்படிக்கையின்படி தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்களில் சில, நிக்கோபார்க் கூட்டத்தைச் சேர்ந்த காச்சல் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. போறணைக்குள் இருப்பது காற்று. காற்றுக்கு, கொதிக்கும் நீரைப் போல, ஓரிடத்தில் நிற்கும் குணம் இல்லை. நெருப்பு ஏற ஏற அதுவும் ஏறும். கேக்குக்கு 170 அல்லது 180 பாகை போதும். ரொட்டிக்கு 200 முதல் 220 வரை வேண்டும். ரொட்டியின் உட்பகுதி ஈரம் இருக்கும்வரை 100 பாகையைத் தாண்டுவதில்லை. மேற்பட்டை மட்டும் ஈரம் இழந்து, 140 பாகைக்கு மேல் சென்று, பொன்னிறமாகிறது. இவ்விரண்டும் ஒரே வேளையில் முடிய வேண்டும். அடுப்பு சற்று முந்தினால் புறம் கருகி அகம் மாவாக இருக்கும். பிந்தினால் அகம் வெந்து புறம் வெளிறிக் கிடக்கும். பழைய ரொட்டிக்காரர்கள் அடுப்பின் தரையில் ஒரு பிடி மாவை எறிந்து, அது எத்தனை நேரத்தில் சிவக்கிறது என்று எண்ணுவார்கள். கைத்திறன் மிக்கவர்கள் அவர்கள். எனினும் அத்திறன் ஒருவர் கையிலேயே பிறந்து, அவரோடு போய்விடும்.

மின்னி பேயில் வாழும் நாங்கள் அண்டை வீட்டார் சிலர் கூடி, குமிழ் பழுதாகிக் கிடந்த மின்சார ரொட்டி அடுப்பு ஒன்றுக்கு மைக்ரோகண்ட்ரோலர் என்னும் சிறு சில்லைப் பொருத்தி, அதன் வெப்பத்தை ஆளச் செய்தோம். அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம். பிற மாநிலங்களில் வாழும் தமிழ் நேயர்களில் ரொட்டிக் கடையோ, மிட்டாய்க் கடையோ, முறுக்கு மிக்சர்த் தொழிலோ நடத்துபவர் பலர் உண்டு. அவர்களுக்கும், அவர்கள் வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கும் இது பயன்படக்கூடும் என்று கருதுகிறோம்.

மின்னி பே, போர்ட் பிளேர் நகரத்தின் ஒரு பகுதி. 2024 செப்டம்பரில் அந்நகருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்ற பெயர் அறிவிக்கப்பட்டது. சென்னையிலிருந்து 1,300 கிலோமீட்டருக்கும் மேல் கடல் கடந்து, கப்பலில் மூன்று நாள் அளவு பயணம் செய்து இங்கு வர வேண்டும். 2020 ஆகஸ்டு 10-இல் சென்னைக்கும் இத்தீவுகளுக்கும் இடையே, ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடிக் கண்ணாடியிழைக் கம்பித் தொடர் திறந்துவைக்கப்பட்டது. அதன்பின் ஒரு யந்திரத்தின் வரைபடம் எங்களுக்கு நொடியில் வந்து சேர்கிறது; அந்த யந்திரத்தின் திருகாணி மட்டும் இன்றும் கப்பலிலோ விமானத்திலோதான் வர வேண்டும். கைக்கு எட்டிய பொருளைக் கொண்டு தானே செப்பனிட்டுக்கொள்ளத் தெரியாதவனுக்குத் தீவு வாழ்க்கை கடினம்.

மின்சாரமும் கப்பலில் வருவதே என்று சொன்னால் வியப்பாக இருக்கலாம். இத்தீவுகளின் மின்சாரத்தில் பெரும்பகுதி டீசல் யந்திரங்களில் பிறக்கிறது. அந்த டீசல் பெருநிலத்திலிருந்து கப்பலேறி வருகிறது. நம் நெய்வேலியின் என்.எல்.சி. நிறுவனம் இங்கே 20 மெகாவாட் சூரிய மின்நிலையமும் அதற்குத் துணையாக மின்கலத் தொகுதியும் அமைத்திருக்கிறது. எனினும் டீசலின் ஆட்சி இன்னும் முடியவில்லை. ஒரு லிட்டர் டீசலிலிருந்து ஏறத்தாழ மூன்றரை முதல் நான்கு யூனிட் வரை மின்சாரம் கிடைக்கும். 2,000 வாட் அடுப்பை ஒரு மணி நேரம் ஓயாது எரியவிட்டால் 2 யூனிட். அதாவது கடல் கடந்து வந்த அரை லிட்டர் எண்ணெய். வேண்டாத வெப்பத்தை வானில் விடுவது இங்கே வேறெங்கும் விடுவதைக் காட்டிலும் பெரிய வீண்செலவு.

இன்னுமொரு தொல்லை உண்டு. மின்னழுத்தம் எப்போதும் ஒரே அளவில் நிற்பதில்லை. 230 வோல்ட்டில் 2,000 வாட் தரும் காயில், 190 வோல்ட்டில் எவ்வளவு தரும்? 1,650 வாட் என்று பலர் கணக்கிடுவர். உண்மையில் அது 1,365 வாட் அளவே தரும். ஏனெனில் காயிலின் வெப்பம் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அழுத்தம் பாதியானால் வெப்பம் கால்பங்காகிவிடும். ஆகவே, "சுவிட்சைப் போட்டு இருபது நிமிடம் கழித்து ரொட்டியை வை" என்ற பழைய விதி இங்கே செல்லாது. நேற்று இருபது நிமிடத்தில் காய்ந்த அடுப்பு இன்று முப்பது நிமிடம் கேட்கும். கடிகாரத்தை நம்பிப் பயனில்லை. வெப்பத்தையே அளக்க வேண்டும்.

அளந்து ஆளும் எண்ணம் புதிதன்று. 17-ஆம் நூற்றாண்டிலேயே கார்னேலிஸ் ட்ரெபெல் என்ற டச்சுக்காரர், முட்டை பொரிக்கும் சூளை ஒன்றுக்குத் தானே இயங்கும் காவலை அமைத்தார். 1620-இல் லண்டனில் தேம்ஸ் ஆற்றில் நீர்மூழ்கிப் படகு ஓட்டிக் காட்டியவரும் அவரே. சூளையின் வெப்பம் மிகுந்தால் உள்ளிருந்த சாராயம் விரிந்து பாதரசத்தை உயர்த்தும். உயர்ந்த பாதரசம் ஒரு மூடியை அசைத்துக் காற்று வழியை அடைக்கும். காற்றில்லாமல் நெருப்பு தணியும். இந்த மூடியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இதனிடம் திரும்ப வருவோம். அடுத்த நூற்றாண்டில் ஜான் ஹாரிஸன் என்ற ஆங்கிலேயக் கடிகாரத் தொழிலாளர், கப்பலுக்கான தம் கடிகாரத்தில் இரு உலோகங்களை ஒட்டிய பட்டை ஒன்றைப் பயன்படுத்தினார். ஓர் உலோகம் மற்றதைவிட மிகுதியாக விரிவதால் பட்டை வளையும். நம் வீட்டு இஸ்திரிப் பெட்டியிலும், ரொட்டி அடுப்பின் குமிழிலும் இருப்பது அந்தப் பட்டையின் பேரப்பிள்ளையே.

குமிழ் எளிய கருவி, நல்ல கருவியும்கூட. ஆனால் அது வளைந்து, தொடர்பை விட்டு, ஆறி, மீண்டும் தொடுவதற்குள் அடுப்பின் வெப்பம் இருபது பாகை மேலும் இருபது பாகை கீழுமாக ஊசலாடக்கூடும். அதைக் காட்டிலும், இங்கே வீசும் உப்புக் காற்று அதன் தொடுமுனைகளை அரித்துவிடும். எறும்பும் பல்லியும் மின்தொடர்புகளுக்குள் புகுந்து மாள்வது வெப்ப நாடுகள் அனைத்திலும் காண்பது. எங்கள் அடுப்பின் குமிழ் அரித்துப் போய், அதே மாதிரிக் குமிழ் கிடைக்காத நிலையில்தான் சில்லின் பக்கம் எங்கள் கவனம் திரும்பியது.

மைக்ரோகண்ட்ரோலர் என்பது கணக்கிடும் பகுதி, நினைவுப் பகுதி, வெளியுலகோடு பேசும் கால்கள் ஆகிய யாவும் ஒரே சில்லில் அடங்கிய சிறு கணிப்பொறி. இவ்வகைச் சில்லை 1974-ஆம் ஆண்டில் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனம் சந்தைக்குக் கொணர்ந்தது. 1980-இல் இன்டெல் நிறுவனத்தின் 8051 வந்தது. நம் நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் பல தலைமுறை மாணவர் அதனைக் கற்றனர். 2005-இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில் ஆசிரியர் சிலர், பொறியியல் படிக்காதவரும் கையாளத்தக்க ஆர்டுயினோ என்ற பலகையை உருவாக்கினர். நாங்கள் எடுத்துக்கொண்டது அவ்வகைப் பலகையே. அதன் சில்லுக்கு வேலை நேரத்து நினைவு 2 கிலோபைட் மட்டுமே. கணிப்பொறியில் ஒரு தமிழ் எழுத்துக் குறியீடு மூன்று பைட் கொள்ளும்; ஆகவே நான் இப்போது படிக்கும் இந்தத் தாள்களில் ஒரு பக்கத்தைக்கூட அதனால் முழுதாக நினைவில் கொள்ள இயலாது. அடுப்பை ஆள அவ்வளவு நினைவே தாராளம். நம் நாட்டிலும் இத்துறையில் முயற்சி உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தி என்னும் சில்லு வரிசையில் ஒன்று, 2018-ஆம் ஆண்டில் சண்டிகரை அடுத்த மொகாலியிலுள்ள அரசு ஆய்வகத்தில் வார்க்கப்பட்டது.

சில்லுக்கு வெப்பம் தெரியாது, மின்சாரம்தான் தெரியும். ஆகையால் வெப்பத்தை மின்சாரமாக மொழிபெயர்த்துத் தரும் ஒற்றன் ஒருவன் வேண்டும். வெவ்வேறு உலோகக் கம்பிகள் இரண்டை ஒரு முனையில் இணைத்துச் சூடாக்கினால், மறுமுனைகளுக்கு இடையே சிறு மின்னழுத்தம் தோன்றும். 1821-ஆம் ஆண்டில் சீபெக் என்பவர் கண்ட உண்மை இது. இக்கம்பி இணையைப் பள்ளிப் பாடநூல்கள் வெப்ப மின்னிரட்டை என்கின்றன. கடையில் தெர்மோகப்பிள் என்று கேட்க வேண்டும். கே வகை என்று சொன்னால் குரோமல், அலுமல் என்ற உலோகக் கலவைகளால் ஆன இணையைத் தருவார்கள். ஒரு பாகைக்கு அது தருவது ஒரு வோல்ட்டின் இருபத்தையாயிரத்தில் ஒரு பங்கு. அத்தனை மெல்லிய குரலைப் பெருக்கி எண்ணாக மாற்றித்தரத் தனிச் சில்லு உண்டு. மேக்ஸ் 6675 என்பது அதன் பெயர். கால் பாகை நுட்பத்தில் அது எண் தரும்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. மின்னிரட்டை அறிவிப்பது அடுப்பின் வெப்பத்தை அன்று. அடுப்பின் முனைக்கும் வெளிமுனைக்கும் உள்ள வேறுபாட்டை மட்டுமே. வெளிமுனையின் வெப்பத்தை அச்சில்லு தானே அளந்து கூட்டிக்கொள்கிறது. ஆகவே சில்லுப் பலகையை அடுப்பின் சுவரோடு ஒட்டி வைக்கலாகாது. ஒரு முழம் தள்ளி, காற்றோட்டமான இடத்தில் வைப்பதே முறை. அடுப்பினுள் இருக்கும் முனையும் காயிலை நோக்கியோ சுவரைத் தொட்டோ இருக்கலாகாது. ரொட்டி எங்கே இருக்குமோ அங்கே, அந்த உயரத்தில் இருக்க வேண்டும். ஊர் நிலவரம் அறிய ஊர் நடுவில் நிற்க வேண்டும் அன்றோ?

இனி ஆளும் முறைக்கு வருவோம். 200 பாகை வேண்டும் என்றால், 200 வந்ததும் நிறுத்து, குறைந்ததும் போடு என்று சில்லுக்குச் சொல்லலாம். அவ்வாறு செய்தால் பழைய குமிழுக்கும் புதிய சில்லுக்கும் வேறுபாடு மிகுதியில்லை. காரணம் என்ன? சுவிட்சை நிறுத்திய பின்னும் செந்தணலாக இருக்கும் காயில் தன்னிடமுள்ள வெப்பத்தைக் கக்கிக்கொண்டே இருக்கும். அடுப்பு 200-ஐத் தாண்டிப் போகும். பால் காய்ச்சும் நம் தாய்மார் பால் பொங்கி வழிந்த பின்னரா விறகை இழுக்கிறார்கள்? பால் எழும் வேகத்தைக் கண்டு முன்கூட்டியே இழுக்கிறார்கள். அந்த முன்னறிவைச் சில்லுக்குக் கற்பிப்பதில்தான் இக்கலையின் உயிர் இருக்கிறது.

இதனை முதன்முதலில் கணக்காக எழுதியவர் சமையற்காரர் அல்லர், கப்பலை எண்ணியவர். ரஷ்யாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய நிக்கோலஸ் மினார்ஸ்கி, 1922-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுரையில், தேர்ந்த மாலுமி சுக்கானை எவ்வாறு திருப்புகிறான் என்பதைக் கணிதத்தில் வடித்தார். அடுத்த ஆண்டு அமெரிக்கக் கடற்படையின் நியூ மெக்ஸிகோ என்ற போர்க்கப்பலில் அது சோதிக்கப்பட்டது. மாலுமி கப்பல் எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை மட்டும் பார்ப்பதில்லை. எவ்வளவு விரைவாக விலகுகிறது என்பதையும், நீரோட்டம் நெடுநேரமாக ஒரே பக்கம் தள்ளிக்கொண்டிருக்கிறதா என்பதையும் சேர்த்து எண்ணுகிறான். அடுப்புக்கும் இம்மூன்றே போதும். இப்போதுள்ள குறை எவ்வளவு? அக்குறை எவ்வேகத்தில் மாறுகிறது? இதுவரை சேர்ந்துள்ள குறையின் கூட்டுத்தொகை எவ்வளவு? இம்மூன்றுக்கும் தக்கபடி எடை கொடுத்துக் கூட்டினால், காயிலுக்குத் தர வேண்டிய மின்சாரத்தின் அளவு கிடைக்கும். பத்து நொடியில் நான்கு நொடி எரி, ஆறு நொடி ஓய்ந்திரு என்பது போலச் சில்லு ஆணையிடும். ஒவ்வொன்றுக்கும் தர வேண்டிய எடையைக் கண்டறிய ஸீக்ளர், நிக்கல்ஸ் என்ற இருவர் 1942-இல் ஒரு வழி கூறினர். பொறுமையுள்ளவர் ஒரு மாலைப் பொழுதில், தாளும் பென்சிலும் கொண்டு அதைச் செய்துவிடலாம்.

கூட்டுத்தொகைப் பகுதியிடம் மட்டும் விழிப்பாக இருக்க வேண்டும். குளிர்ந்த அடுப்பு 200-ஐ எட்டும்வரை குறையே நிலவுவதால், அத்தொகை கடன் வட்டியைப் போல வளர்ந்துகொண்டே போகும். 200 வந்த பின்னும் சில்லு பழைய பாக்கியைத் தீர்ப்பதாக எண்ணிக்கொண்டு எரித்துக்கொண்டேயிருக்கும். ஆதலின் இலக்கை நெருங்கும்வரை அத்தொகையைக் கூட்டாதே என்று நிரலில் ஒரு வரி எழுத வேண்டும்.

மின்வெட்டுக்குப் பின் நிகழ வேண்டியது யாது? மின்சாரம் போனால் சில்லும் உறங்கும். மீண்டும் வந்தால் விழித்து முதலிலிருந்து தொடங்கும். விழித்தவுடன் தானாகவே அடுப்பை ஏற்றலாமா? கூடாது என்பதே எங்கள் துணிபு. மின்சாரம் திரும்பும் வேளையில் வீட்டார் உறங்கியிருக்கலாம், வெளியே சென்றிருக்கலாம், அடுப்பின்மேல் யாரேனும் துணியை உலர்த்தியிருக்கலாம். ஆகவே மனிதக் கை ஒரு பொத்தானை அழுத்தும்வரை அது காத்திருக்க வேண்டும். அதனால் ஒரு தட்டு ரொட்டி பாழாகலாம்; ஆகட்டும்.

இந்த இடத்தில் சற்று நின்று பேச விரும்புகிறோம். சில்லின் பெருமையைப் பேசுவோர் பலர், அது தவறினால் என்ன ஆகும் என்பதைப் பேசுவதில்லை. இத்தீவுகளில் மரவீடுகள் பல உண்டு. தீ ஒரு வீட்டோடு நிற்பதில்லை. காயிலுக்கு மின்சாரத்தை விடுவதும் தடுப்பதும் சாலிட் ஸ்டேட் ரிலே என்னும் வாயிற்காவலன். அசையும் உறுப்பு அதில் இல்லை. உப்புக் காற்றும் எறும்பும் அதனை எளிதில் அணுகா. ஆனால் ஓர் ஆம்பியர் மின்னோட்டத்துக்கு ஒரு வாட் அளவு அதுவே சூடாகும். ஆகையால் அலுமினியத் தகட்டின்மேல் அதைப் பொருத்த வேண்டும். அது கெடும்போது பெரும்பாலும் கதவைத் திறந்தபடியே கெடுகிறது. சில்லு "நிறுத்து" என்று எத்தனை முறை கூவினாலும் காயில் எரிந்துகொண்டே இருக்கும்.

அதற்கு மருந்து சில்லில் இல்லை. சில்லுக்கு வெளியே இருக்க வேண்டும். அடுப்பு என்றும் எட்டத் தேவையில்லாத வெப்பத்தில் தானே அறுந்துபோகும் வெப்ப உருகி ஒன்றையோ, குமிழின் பழைய உறவான இரு உலோகக் காப்பு ஒன்றையோ, காயிலுக்குச் செல்லும் கம்பியிலேயே தொடராக இணைத்துவிட வேண்டும். அதற்கு நிரல் வேண்டாம், அறிவும் வேண்டாம். அறிவில்லாத அந்தக் காவலன்தான் கடைசியில் வீட்டைக் காப்பான். தெர்மல் ஃப்யூஸ் என்று கேட்டால் மின்பொருள் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். அதை இணைக்காமல் சில்லை மட்டும் வைத்து அடுப்பை இயக்குவதைவிட, பழைய முறைப்படி மாவை எறிந்து பார்த்துச் சுடுவதே மேல்.

ஒற்றன் பொய் சொன்னாலும் ஆபத்தே. மின்னிரட்டையின் கம்பி அறுந்தால், நாம் கூறிய மேக்ஸ் சில்லு அதை அறிந்து அறிவித்துவிடும். ஆனால் கம்பி அறாமல், முனை மட்டும் அடுப்புக்கு வெளியே நழுவி விழுந்துவிட்டால்? அது அறையின் வெப்பமான 30 பாகையை உண்மையாகவே அறிவிக்கும். சில்லோ, அடுப்பு இன்னும் காயவில்லை என்று எண்ணி முழு வேகத்தில் எரிக்கும். இதற்கு நிரலில் ஒரு கேள்வி போதும்: முழு மின்சாரமும் ஐந்து நிமிடமாகச் செல்கிறது, வெப்பம் ஏறவே இல்லை, அப்படியானால் ஏதோ தவறு, நிறுத்து. சில்லே மயங்கி நின்றுவிட்டால் அதைத் தட்டி எழுப்ப வாட்ச்டாக் என்னும் காவல்நாய் சில்லினுள்ளேயே உண்டு. அதனையும் கட்டி வைக்க வேண்டும். 230 வோல்ட் ஓடும் பகுதியை உரிமம் பெற்ற மின்பணியாளரே இணைக்கட்டும்; அடுப்பின் உடலுக்கு நிலத்தொடர்பு இருக்கட்டும். பிள்ளைகள் பழகுவதெல்லாம் ஐந்து வோல்ட் பக்கத்தோடு நிற்கட்டும்.

ரொட்டியைவிட இத்தீவுகளுக்கு இன்றியமையாத ஓர் அடுப்பு உண்டு. அது கொப்பரை உலர்த்தும் அடுப்பு. இங்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மே முதல் டிசம்பர் வரை வெயிலை நம்பித் தேங்காயை முற்றத்தில் பரப்ப இயலாது. தேங்காய்ப் பருப்பில் பாதி ஈரம். அதை நூற்றுக்கு ஆறு அளவுக்கு இறக்கினால்தான் நெடுநாள் கெடாத கொப்பரையாகும். மெதுவாக உலர்ந்தால் பூஞ்சை பிடித்து, அஃப்ளடாக்ஸின் என்ற நஞ்சு சேரும். அவசரப்பட்டு வெப்பத்தைக் கூட்டினால் பருப்பின் மேற்பரப்பு இறுகி, உள் ஈரம் சிறைப்பட்டு, நிறமும் பழுப்பாகும்; விலையும் விழும். 60-க்கும் 70-க்கும் இடையே ஒரு பகலும் ஓர் இரவும் அளவாகக் காய வேண்டும். இதற்கு மின்சாரக் காயிலை எரிப்பது, டீசலை எரித்துத் தேங்காயை உலர்த்துவதற்கு ஒப்பாகும். சிரட்டை இருக்க அது எதற்கு? காசர்கோட்டிலுள்ள மத்தியத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையத்தார், சிரட்டையை எரித்து, புகை படாமல் உலர்த்தும் அடுப்புகளை வகுத்துத் தந்திருக்கின்றனர். அத்தகைய அடுப்பில் நெருப்புக்குச் செல்லும் காற்று வழியில் கணிப்பொறிக்குள் சுழலும் சிறு விசிறி ஒன்றை வைத்து, அவ்விசிறியின் வேகத்தை நம் சில்லிடம் ஒப்படைத்துவிடலாம். வெப்பம் குறைந்தால் விசிறி விரையும், மிகுந்தால் ஓயும். விசிறிக்கும் சில்லுக்கும் சேர்த்துச் சில வாட்டே போதும். கூரையில் ஒரு சிறு சூரியத் தகடும் மின்கலமும் அதைத் தாங்கும். எரிப்பது சிரட்டை, ஆள்வது சில்லு. ட்ரெபெலின் காற்று மூடியே மீண்டும் வந்து நிற்கிறது. சில்லையே வெப்பமாக்கும் பொருளோடு சேர்த்து விலைக்கு வாங்க வேண்டும் என்று எண்ணுவோர் இதைக் கவனிக்க வேண்டும். தீவுக்கு ஏற்ற பயன் இதுவே என்பது எங்கள் கருத்து. ரொட்டி அடுப்பு அதற்கான பயிற்சிப் பள்ளி.

முறுக்கும் மிக்சரும் பொரிப்பவர்கள் இதே மின்னிரட்டையை எண்ணெயில் நிறுத்தி, 170 முதல் 180 பாகைக்குள் வைத்துக்கொள்ளலாம். எண்ணெய் புகையத் தொடங்கிய பின் தீயைக் குறைப்பவர் எண்ணெயை வீணாக்குகிறார்; உண்பவர் வயிற்றையும் கெடுக்கிறார்.

கருவி முடிந்ததும் அது உண்மை பேசுகிறதா என்று சோதிக்க வேண்டும். அதற்கு ஆய்வுக்கூடம் வேண்டாம். தூளாக்கிய பனிக்கட்டியைச் சிறிது நீரோடு கலந்து முனையை அதில் அமிழ்த்தினால் 0 பாகை காட்ட வேண்டும். பிறகு கொதிநீரில் அமிழ்த்துங்கள். மின்னி பே கடல் மட்டத்தை ஒட்டியிருப்பதால் எங்களுக்கு 100 காட்டும். சென்னையிலும் மும்பையிலும் சூரத்திலும் அப்படியே. ஆனால் பெங்களூரிலுள்ள நேயர்கள் கருவியைக் குறை கூறிவிட வேண்டாம். 900 மீட்டர் உயரத்தில் நீர் 97 பாகையிலேயே கொதித்துவிடும். ஷில்லாங்கில் இருப்பவர்கள் 95 என்று குறித்துக்கொள்ளலாம்; சிம்லாவில் இருப்பவர்கள் 93 என்று.